பேஸிவ் வாய்ஸ்: எங்கே வேண்டும், எங்கே வேண்டாம்? – வாசகர் கேள்வி பதில்

ஆங்கிலத்தில் எழுதும்போது பேஸிவ் வாய்ஸை (செயப்பாட்டு வினையை) எப்போது பயன்படுத்தலாம் என்று கேட்டு வந்த கேள்விகளை இந்த முறை ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம். ஆங்கில வாக்கியங்களையும் தமிழ் எழுத்திலேயே தந்திருக்கிறோம். வாய்விட்டுப் படித்தால் சட்டென்று பிடிபடும்.

கேள்வி: கணினியில் ஆங்கிலத்தில் எதை எழுதினாலும் பேஸிவ் வந்த இடத்திலெல்லாம் அடிக்கோடு விழுகிறது. ‘ஆக்டிவ்வாக (செய்வினையாக) மாற்றுங்கள்’ என்கிறது மென்பொருள். பேஸிவ் என்றாலே தவறான ஆங்கிலமா?
– தனியார் நிறுவன ஊழியர்

பதில்: தவறே இல்லை. அந்த அடிக்கோட்டை ‘ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்’ என்ற நினைவூட்டலாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ‘வாஸ்’ என்ற சொல்லுக்குப் பின்னால் வினையின் மூன்றாம் வடிவம் (‘ரிட்டன்’, ‘ப்ரோக்கன்’ போன்றது) வந்தால் மென்பொருள் கோடு போட்டுவிடும். உங்கள் பத்தி எதைப் பற்றியது என்பதை அது பெரும்பாலும் கணக்கில் எடுப்பதில்லை. அதை நீங்கள்தான் எடுக்க வேண்டும்.

பேஸிவ்வைத் தவிர்க்கச் சொல்லும் அறிவுரை பழையது. ஆங்கில எழுத்தாளர் ஜார்ஜ் ஆர்வெல், அரசியலையும் ஆங்கில மொழியையும் பற்றி 1946-இல் எழுதிய கட்டுரையில், ஆக்டிவ்வில் சொல்ல முடிந்ததைப் பேஸிவ்வில் சொல்லவே கூடாது என்று விதியாகவே எழுதினார். ஆனால் அதே கட்டுரையின் முதல் வாக்கியத்தில் ‘இட் இஸ் ஜெனரலி அஸ்யூம்ட்’ என்ற பேஸிவ் இருக்கிறது. அதை அவர் சறுக்கிய இடமாக நாங்கள் பார்க்கவில்லை. ‘பொதுவாக இப்படி நினைக்கிறார்கள்’ என்று சொல்லும்போது, நினைப்பவர் இன்னார் என்று காட்ட ஆள் கிடையாது. அங்கே பேஸிவ்தான் இயல்பு.

எழுத உட்காரும்போது ஒன்றே ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள்: இந்தப் பத்தி யாரைப் பற்றியது, எதைப் பற்றியது? அந்தப் பெயர்ச்சொல் எழுவாயாக முன்னால் நிற்கட்டும். ஆக்டிவ்வா பேஸிவ்வா என்பது அதிலிருந்தே அமைந்துவிடும்.

ஒரு மடிக்கணினியைப் பற்றிய குறிப்பு என்று வைத்துக்கொள்வோம். ‘தி லேப்டாப் வாஸ் பாட் இன் 2021. இட் வாஸ் ரிப்பேர்ட் ட்வைஸ். இட் ஸ்டாப்ட் வொர்க்கிங் லாஸ்ட் வீக்.’ மூன்று வாக்கியமும் மடிக்கணினியைப் பற்றியவை. முதல் இரண்டும் பேஸிவ், மூன்றாவது ஆக்டிவ். படிக்கத் தடங்கல் இல்லை. இதையே மென்பொருள் சொன்னபடி மாற்றினால், ‘தி பர்ச்சேஸ் டிபார்ட்மென்ட் பாட் தி லேப்டாப் இன் 2021. எ டெக்னீஷியன் ரிப்பேர்ட் இட் ட்வைஸ்’ என்று ஆகும். வாங்கிய துறையும் சரிசெய்த டெக்னீஷியனும் தேவையே இல்லாமல் நடுவில் வந்து நிற்கிறார்கள். மடிக்கணினி பின்னுக்குப் போய்விட்டது.

கேள்வி: ‘வாஸ்’ இருந்தால் பேஸிவ் என்று என் தோழி சொல்கிறாள். சரியா?
– பள்ளி மாணவி

பதில்: இல்லை அம்மா. இரண்டு உறுப்பும் சேர்ந்து வந்தால்தான் பேஸிவ்: ஆம், இஸ், ஆர், வாஸ், வேர், பி, பீயிங், பீன் ஆகியவற்றில் ஒன்று, அதை ஒட்டி வினையின் மூன்றாம் வடிவம். ‘ஷி வாஸ் ரைட்டிங்’ என்பதில் ‘ரைட்டிங்’ மூன்றாம் வடிவம் இல்லை. அவள்தான் எழுதிக்கொண்டிருந்தாள், ஆகவே ஆக்டிவ். ‘தேர் வேர் டென் சேர்ஸ்’ என்பதில் நாற்காலிகள் இருந்தன என்ற செய்தி மட்டும்தான். அதுவும் பேஸிவ் கிடையாது.

சந்தேகம் வந்தால் கடைசியில் ‘பை சம்ஒன்’ சேர்த்துப் பார். ‘தி விண்டோ வாஸ் ப்ரோக்கன் பை சம்ஒன்’ பொருந்துகிறது, ஆகவே பேஸிவ். ‘ஐ ஆம் டயர்ட் பை சம்ஒன்’ ஒட்டவில்லை. அங்கே ‘டயர்ட்’ என்பது களைப்பாக இருக்கும் நிலையைச் சொல்லும் பெயரடை. சில வாக்கியங்கள் இரண்டு பக்கமும் சாயும். ‘தி கேட் இஸ் க்ளோஸ்ட் நவ்’ என்றால் கேட் மூடிக் கிடக்கிறது, இது நிலை. ‘தி கேட் இஸ் க்ளோஸ்ட் அட் நைன் எவ்ரி நைட்’ என்றால் தினமும் ஒன்பது மணிக்கு யாரோ மூடுகிறார்கள், இது பேஸிவ்.

கேள்வி: நான் தமிழில் யோசித்துத்தான் ஆங்கிலத்தில் எழுதுகிறேன். எந்தத் தமிழ் வாக்கியத்தைப் பேஸிவ்வாக எழுத வேண்டும் என்று கண்டுபிடிக்க ஏதாவது வழி இருக்கிறதா? ‘செய்யப்பட்டது’ என்று தமிழில் வந்தால் மட்டும்தான் பேஸிவ் போட வேண்டுமா?
– போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்

பதில்: ‘படு’ என்ற துணைவினையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் பாதிக்கு மேல் தவறவிடுவீர்கள். தமிழர் பேச்சில் ‘செய்யப்பட்டது’ அபூர்வம். செய்தவரைச் சொல்லாமல் விட நமக்கு வேறு வழி இருக்கிறது. ‘அங்கே பாலம் கட்டுறாங்க.’ ‘கூட்டத்தைத் தள்ளி வெச்சுட்டாங்க.’ ‘ரோட்டை மூடிட்டாங்க.’ இவற்றில் எழுவாய் எங்கே? வினையின் வாலில் ‘ஆங்க’ என்று ஒட்டிக்கொண்டிருக்கிறது. யாரோ செய்கிறார்கள், யார் என்பது முக்கியமில்லை என்று கேட்பவருக்குப் புரிந்துவிடுகிறது.

ஆங்கில வினைக்கு அப்படி ஒரு வால் கிடையாது. சாதாரணச் செய்தி வாக்கியத்தில் எழுவாயின் இடத்தைக் காலியாக விட முடியாது. அதனால் நாம் அவசரத்தில் ‘தே’ போட்டு நிரப்புகிறோம்: ‘தே ஆர் பில்டிங் எ பிரிட்ஜ்.’ பேச்சில் இது செல்லும். எழுத்தில், அதற்கு முன்னால் எந்த ஆட்களையும் குறிப்பிடாவிட்டால், ‘தே’ யாரைச் சுட்டுகிறது என்று வாசகர் திரும்பிப் பார்ப்பார். இங்கேதான் பேஸிவ் கைகொடுக்கிறது: ‘எ பிரிட்ஜ் இஸ் பீயிங் பில்ட்.’ ‘தி மீட்டிங் ஹேஸ் பீன் போஸ்ட்போன்ட்.’ ‘தி ரோட் ஹேஸ் பீன் க்ளோஸ்ட்.’

எனவே இப்படிச் செய்யுங்கள். தமிழ் வாக்கியம் ‘ஆர்கள்’, ‘ஆங்க’ என்று முடிந்து, யார் என்று பெயர் இல்லாமல் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், அந்த ஆளைப் பெயரிட முடியுமா, பெயரிடுவதால் வாசகருக்குப் பயன் உண்டா என்று கேளுங்கள். உண்டு என்றால் பெயரைச் சொல்லி ஆக்டிவ்வில் எழுதுங்கள். இல்லை என்றால் ‘ஐ’ உருபு ஏற்று நிற்கும், அல்லது ஏற்கக்கூடிய சொல்லை, அதாவது பாலத்தை, கூட்டத்தை, ரோட்டை, தூக்கி முன்னால் வையுங்கள். பேஸிவ் தயார்.

இதன் மறுபக்கத்தையும் கவனியுங்கள். ‘நேத்தே அனுப்பிட்டேன்’ என்பதிலும் எழுவாய் வெளியே தெரியவில்லை. ஆனால் ‘ஏன்’ என்ற வால் ‘நான்’ என்று தெளிவாகச் சொல்லிவிட்டது. இதைப் போய் ‘இட் வாஸ் சென்ட் பை மி எஸ்டர்டே’ என்று எழுதக் கூடாது. ‘ஐ சென்ட் இட் எஸ்டர்டே’ என்றால் போதும். ஒரு வாக்கியத்தில் ‘பை மி’, ‘பை அஸ்’ என்று எழுதிவிட்டீர்களானால், பெரும்பாலும் அதை ஆக்டிவ்வாகத் திருப்ப வேண்டும் என்றே பொருள்.

கேள்வி: ‘இஸ் பீயிங்’, ‘ஹேஸ் பீன்’ இரண்டிலும் எப்போதும் குழப்பம். ‘தி வொர்க் இஸ் பீன் டன்’ என்று எழுதி மேலதிகாரியிடம் திட்டு வாங்கினேன்.
– இளநிலை உதவியாளர்

பதில்: ‘இஸ் பீன்’ என்ற சேர்க்கை ஆங்கிலத்தில் எங்குமே கிடையாது. ‘பீயிங்’, ‘பீன்’ இரண்டையும் வேகமாகச் சொல்லும்போது ஒன்றுபோலக் கேட்பதால் வரும் பிழை இது. இரண்டு ஜோடிகளை மட்டும் மனத்தில் வையுங்கள். ‘இஸ், ஆர், வாஸ், வேர்’ வந்தால் அடுத்தது ‘பீயிங்’, வேலை நடந்துகொண்டிருக்கிறது. ‘ஹேஸ், ஹேவ், ஹேட்’ வந்தால் அடுத்தது ‘பீன்’, வேலை முடிந்துவிட்டது.

‘தி ஃபைல் இஸ் பீயிங் செக்ட்’ என்றால் கோப்பைச் சரிபார்த்துக்கொண்டிருக்கிறார்கள். ‘தி ஃபைல் ஹேஸ் பீன் செக்ட்’ என்றால் பார்த்து முடித்துவிட்டார்கள். ‘தி ஃபைல் வாஸ் செக்ட் ஆன் மண்டே’ என்பதில் நாள் வந்துவிட்டதைக் கவனியுங்கள். கடந்துபோன நாளையோ நேரத்தையோ குறிப்பிட்டால் ‘ஹேஸ் பீன்’ வராது. இந்த மூன்றையும் ‘வில் பி செக்ட்’ என்ற எதிர்காலத்தையும் வைத்தே அலுவலக எழுத்தின் பெரும்பகுதியை ஓட்டிவிடலாம். ‘ஹேஸ் பீன் பீயிங் செக்ட்’ போன்ற நீண்ட வடிவங்களை ஆங்கிலேயரே தொடுவதில்லை. அந்த இடத்தில் ஆக்டிவ்வுக்குப் போய்விடுங்கள்.

கேள்வி: ‘ஆன் ஆக்சிடென்ட் வாஸ் ஹேப்பன்ட்’ என்பது ஏன் தவறு? விபத்து தானாக வருவதில்லையே, யாரோ ஏற்படுத்துவதுதானே?
– செய்திப் பிரிவில் புதிதாகச் சேர்ந்தவர்

பதில்: கேள்வியிலேயே விடைக்கான நூல் இருக்கிறது. ‘விபத்து ஏற்பட்டது’ என்கிறோம். ‘ஏற்பட்டது’ என்ற சொல்லுக்குள் ‘பட்டது’ இருக்கிறது. அது காதில் விழுந்ததும் ‘செய்யப்பட்டது’ போல மனம் எடுத்துக்கொண்டு, ஆங்கிலத்தில் ஒரு ‘வாஸ்’ஸைச் சேர்த்துவிடுகிறது. ‘கஷ்டப்பட்டான்’, ‘பயப்பட்டான்’ என்பவையும் இப்படித்தான். பட்டது இருந்தாலும் செயப்பாட்டு வினை இல்லை.

பேஸிவ் வேண்டுமானால் செயப்படுபொருள் இருந்தாக வேண்டும், ஏனென்றால் அதைத்தான் முன்னால் கொண்டுவருகிறோம். ‘ஹேப்பன்’ என்ற வினைக்குச் செயப்படுபொருளே கிடையாது. எதை முன்னால் கொண்டுவருவது? ‘ஆன் ஆக்சிடென்ட் ஹேப்பன்ட்’ என்றாலே முழு வாக்கியம். அக்கர், அரைவ், டிஸப்பியர், எக்ஸிஸ்ட், எமர்ஜ், பிலாங், கன்சிஸ்ட் எல்லாம் இதே கூட்டம். ‘தி கமிட்டி இஸ் கன்சிஸ்டட் ஆஃப் ஃபைவ் மெம்பர்ஸ்’ என்று எழுதுவது மிகப் பரவலான பிழை. ‘கன்சிஸ்ட்ஸ் ஆஃப்’ என்று எழுதுங்கள். பேஸிவ்தான் வேண்டும் என்றால் ‘இஸ் மேட் அப் ஆஃப்’ இருக்கிறது. செயப்படுபொருள் போல ஒன்று பின்னால் வந்தும் பேஸிவ்வுக்கு ஒத்துக்கொள்ளாத வினைகளும் உண்டு: ரிசெம்பிள், லேக், சூட், விலையைச் சொல்லும் காஸ்ட், உடைமையைச் சொல்லும் ஹேவ்.

இன்னொரு கூட்டம் இரண்டு வழியிலும் நடக்கும்: ஓப்பன், ப்ரேக், இன்க்ரீஸ், சேஞ்ச், ஸ்டாப். ‘தி டோர் ஓப்பன்ட்’ என்றால் கதவு திறந்தது. ‘தி டோர் வாஸ் ஓப்பன்ட்’ என்றால் யாரோ திறந்தார்கள். முதல் வகை நமக்குப் புதிது இல்லை. செயப்படுபொருளே செய்ததுபோலச் சொல்வதும் வழக்குதான் என்று தொல்காப்பியம் ஏற்றுக்கொள்கிறது. உரையாசிரியர்கள் அதற்குக் காட்டும் எடுத்துக்காட்டு ‘திண்ணை மெழுகிற்று’. திண்ணை தன்னைத்தானே மெழுகிக்கொள்ளாது, ஆனாலும் அப்படிச் சொல்கிறோம்.

செய்தி எழுதுபவருக்கு இந்த வேறுபாடு உயிரானது. ‘தி ஃபேர் இன்க்ரீஸ்ட்’ என்றால் கட்டணம் உயர்ந்தது. ‘தி ஃபேர் வாஸ் இன்க்ரீஸ்ட்’ என்றால் அதிகாரம் உள்ள ஒருவர் முடிவெடுத்து உயர்த்தினார். வெப்பநிலையைப் பற்றி எழுதும்போது ‘வாஸ் இன்க்ரீஸ்ட்’ போட்டால், யாரோ ஹீட்டரைத் திருகியதாக வாசகர் நினைப்பார்.

கேள்வி: ஆய்வேட்டில் ‘ஐ’, ‘வி’ வரவே கூடாது, எல்லாம் பேஸிவ்வில்தான் இருக்க வேண்டும் என்கிறார் என் நெறியாளர். ஆனால் நான் கட்டுரை அனுப்ப நினைக்கும் இதழ் ‘ஆக்டிவ்வில் எழுதுங்கள்’ என்று குறிப்புத் தந்திருக்கிறது. யார் சொல்வதைக் கேட்பது?
– ஆராய்ச்சி மாணவி

பதில்: ஆய்வேட்டுக்கு உங்கள் பல்கலைக்கழக விதி, இதழுக்கு இதழின் விதி. எழுதத் தொடங்கும் முன் இரண்டையும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அறிவியல் என்றால் முழுக்கப் பேஸிவ் என்பது மட்டும் உண்மை இல்லை. டிஎன்ஏ-வின் அமைப்பைப் பற்றி வாட்சனும் கிரிக்கும் 1953-இல் நேச்சர் இதழில் வெளியிட்ட கட்டுரை ‘வி விஷ் டு சஜஸ்ட்’ என்றுதான் தொடங்குகிறது. இன்றும் நேச்சர் குழும இதழ்கள் ஆக்டிவ்வையே விரும்புகின்றன.

ஆனாலும் கட்டுரை முழுக்க ஒரே வாய்ஸ் என்று முடிவு கட்ட வேண்டாம். பகுதிக்குப் பகுதி தேவை மாறும்.

செய்முறைப் பகுதியில் வாசகருக்கு வேண்டியது மாதிரிக்கு என்ன நடந்தது என்பது. கிளறியவர் யார் என்பது வேண்டாம். இது பேஸிவ்வுக்கே உரிய இடம், காலம் இறந்தகாலம். ‘தி சாம்பிள்ஸ் வேர் ஹீட்டட் அட் 80 டிகிரி செல்சியஸ் ஃபார் 10 மினிட்ஸ், கூல்ட் டு ரூம் டெம்பரேச்சர் அண்ட் ஃபில்டர்ட்.’ மூன்று செயலுக்கும் ஒரே ‘வேர்’ போதும். ஒவ்வொரு செயலுக்கும் ‘தி சாம்பிள்ஸ் வேர்’ என்று திரும்ப எழுதினால் படிப்பவர் சோர்ந்துவிடுவார்.

முடிவுகளில் படமும் அட்டவணையும் எழுவாயாகட்டும். ‘ஃபிகர் 2 ஷோஸ்’ என்பதே சுருக்கம். ‘இட் கேன் பி ஸீன் ஃப்ரம் ஃபிகர் 2 தட்’ என்பதில் பாதிக்கு மேல் வீண்.

விவாதப் பகுதியில்தான் பேஸிவ் உண்மையிலேயே கெடுதல் செய்யும். ‘இட் வாஸ் ஃபவுண்ட் தட்’ என்று எழுதுகிறீர்கள். கண்டுபிடித்தது நீங்களா, நீங்கள் முந்தைய பத்தியில் மேற்கோள் காட்டியவரா? படிப்பவருக்குத் தெரியாது. உங்கள் கண்டுபிடிப்பு வேறொருவர் கணக்கில் போகும், அல்லது அவருடையது உங்கள் கணக்கில் வரும். இரண்டாவது நேர்ந்தால் நேர்மையைப் பற்றிய கேள்வியே எழும். ‘வி ஃபவுண்ட்’ என்று எழுத அனுமதி இருந்தால் தயங்காமல் எழுதுங்கள். அனுமதி இல்லையென்றால் ‘இன் திஸ் ஸ்டடி’ என்ற தொடரைச் சேருங்கள், அல்லது ‘தி ப்ரெசென்ட் ரிசல்ட்ஸ் சஜஸ்ட்’ என்று முடிவுகளையே பேசவிடுங்கள். நெறியாளரின் விதியும் காக்கப்படும், பொருளும் தெளியும்.

பேஸிவ்வோடு சேர்ந்து வரும் இரண்டு கோளாறுகளையும் பார்த்துவிடுங்கள். ‘யூஸிங் எ மைக்ரோஸ்கோப், தி செல்ஸ் வேர் கவுன்டட்.’ இலக்கணப்படி பார்த்தால் மைக்ரோஸ்கோப்பைப் பயன்படுத்தியவை செல்களே! தொடக்கத்தில் வரும் ‘யூஸிங்’, காற்புள்ளிக்கு அடுத்து நிற்கும் எழுவாயோடு போய் ஒட்டிக்கொள்ளும். ‘தி செல்ஸ் வேர் கவுன்டட் அண்டர் எ மைக்ரோஸ்கோப்’ என்று எழுதினால் தீர்ந்தது. இரண்டாவது, வினையைப் பெயராக்கிவிட்டு அதன் மேல் பேஸிவ்வை ஏற்றுவது. ‘அனாலிசிஸ் ஆஃப் தி டேட்டா வாஸ் பெர்ஃபார்ம்ட்’ என்பதில் உண்மையான வினை ‘அனலைஸ்’. அதை வெளியே கொண்டுவாருங்கள்: ‘தி டேட்டா வேர் அனலைஸ்ட்.’ இதுவும் பேஸிவ்தான். ஆனால் பாதி நீளம்.

கேள்வி: பேஸிவ்வில் ‘பை’ எப்போது, ‘வித்’ எப்போது? ‘ஆல்’ என்று தமிழில் வந்தால் ‘பை’ போட்டுவிடுகிறேன்.
– இல்லத்தரசி

பதில்: உங்கள் ‘ஆல்’ மூன்று வேலை பார்க்கிறது, சிக்கல் அதில்தான். ‘கண்ணனால் எழுதப்பட்டது’ என்பதில் செய்தவரைக் காட்டுகிறது: ஆங்கிலத்தில் ‘பை’. ‘கத்தியால் வெட்டப்பட்டது’ என்பதில் கருவியைக் காட்டுகிறது: ‘வித்’. ‘மழையால் ஆட்டம் நிறுத்தப்பட்டது’ என்பதில் காரணத்தைக் காட்டுகிறது: ‘பிகாஸ் ஆஃப்’ அல்லது ‘ட்யூ டு’. மழையா வந்து ஆட்டத்தை நிறுத்தியது? நடுவர் நிறுத்தினார். ஆனால் ‘தி ரூஃப் வாஸ் டேமேஜ்ட் பை ரெயின்’ என்பது சரி, கூரையைக் கெடுத்தது மழையேதான். ‘சர்ப்ரைஸ்ட் அட்’, ‘ஃபில்ட் வித்’, ‘நோன் டு’, ‘இன்ட்ரஸ்டட் இன்’ போன்றவை தனிப்பழக்கம். இவற்றைச் சொல்லோடு சொல்லாக நினைவில் வைத்துக்கொள்வதுதான் வழி.

பல பேஸிவ் வாக்கியங்களில் ‘பை’ பகுதியே வேண்டாம். செய்தவர் புதிய செய்தியாகவும் முக்கியமானவராகவும் இருந்தால் மட்டும் கடைசியில் வையுங்கள். பெனிசிலினைப் பற்றிய கட்டுரை என்றால் ‘பெனிசிலின் வாஸ் டிஸ்கவர்ட் பை அலெக்ஸாண்டர் ஃப்ளெமிங் இன் 1928’ என்பது நன்றாக இருக்கும். ஃப்ளெமிங்கின் வாழ்க்கைக் கட்டுரை என்றால் ‘ஃப்ளெமிங் டிஸ்கவர்ட் பெனிசிலின் இன் 1928’ என்று அவரை முன்னால் நிறுத்துங்கள். செய்தி ஒன்றுதான், கட்டுரைக்கு ஏற்ப முகப்பு மாறுகிறது. செய்தவரைச் சொல்லும் தொடர் மிக நீளமாக இருந்தாலும் பேஸிவ் உதவும். நீளமானதைக் கடைசியில் படிப்பதே ஆங்கிலத்தில் சுலபம்.

கேள்வி: வாடிக்கையாளருக்கு மின்னஞ்சல் எழுதும்போது பேஸிவ் மரியாதையாக இருக்கிறது என்கிறார் ஒருவர். பொறுப்பைத் தட்டிக்கழிப்பதுபோல் இருக்கிறது என்கிறார் இன்னொருவர். எது சரி?
– வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

பதில்: தவறு யாருடையது என்பதைப் பொறுத்தது.

தவறு எதிராளியுடையது என்றால் பேஸிவ் மென்மை தரும். ‘யூ ஹேவ் நாட் பெய்ட் தி இன்வாய்ஸ்’ விரல் நீட்டுகிறது. ‘தி இன்வாய்ஸ் ஹேஸ் நாட் பீன் பெய்ட்’ பில்லைப் பற்றி மட்டும் பேசுகிறது. ஒருவேளை அவர் அலுவலகத்தில் வேறு யாராவது தாமதப்படுத்தியிருக்கலாம். அந்த இடைவெளியை விட்டுக்கொடுப்பது நாகரிகம்.

தவறு உங்களுடையது என்றால் அதே பேஸிவ் உங்களைக் காட்டிக்கொடுத்துவிடும். 1987-இல் அமெரிக்க அதிபர் ரீகன், ஈரானுக்கு ரகசியமாக ஆயுதம் விற்ற விவகாரம் பற்றி நாடாளுமன்றத்தில் பேசும்போது ‘சீரியஸ் மிஸ்டேக்ஸ் வேர் மேட்’ என்றார். யார் செய்த தவறு என்பது அந்தத் தொடரில் இல்லை. பொறுப்பை மறைக்கும் ஆங்கிலத்துக்கு ‘மிஸ்டேக்ஸ் வேர் மேட்’ என்பதே இன்று எடுத்துக்காட்டாகிவிட்டது. எனவே ‘எ ராங் ஐட்டம் வாஸ் டெலிவர்ட்’ என்று எழுதாதீர்கள். ‘வி சென்ட் யூ தி ராங் ஐட்டம். வி ஆர் சாரி. வி வில் ரீப்ளேஸ் இட் பை ஃப்ரைடே’ என்று எழுதுங்கள். வாக்குறுதிக்கும் இதே விதி. ‘தி மேட்டர் வில் பி லுக்ட் இன்டு’ என்றால் யார் பார்ப்பார், எப்போது பார்ப்பார் என்று எதுவும் இல்லை. ‘ஐ வில் செக் திஸ் அண்ட் கால் யூ டுமாரோ’ என்றால் ஒரு மனிதர் பொறுப்பேற்றுக்கொண்டார் என்று தெரிகிறது.

‘லுக்ட் இன்டு’ என்பதில் ஒரு நுணுக்கம். இப்படிப்பட்ட வினைகளைப் பேஸிவ்வாக்கும்போது கடைசிச் சிறு சொல் உதிர்ந்துவிடக் கூடாது. ‘தி கம்ப்ளெய்ன்ட் வாஸ் டெல்ட் வித்’, ‘தி சில்ட்ரன் வேர் லுக்ட் ஆஃப்டர்’ என்று வாக்கியம் ‘வித்’திலும் ‘ஆஃப்டர்’ரிலும் முடிவது சரியே.

கேள்வி: ‘ஐ வாஸ் எக்ஸ்ப்ளெயின்ட் தி ரூல்ஸ்’ சரியா? ‘ஐ வாஸ் கிவன் எ புக்’ சரி என்கிறார்களே?
– ஆசிரியப் பயிற்சி மாணவர்

பதில்: முதலாவது தவறு, இரண்டாவது சரி. ஆக்டிவ்வில் வினைக்கு அடுத்தே ஆளைப் போட முடிகிறதா என்று பாருங்கள். ‘கேவ் மி எ புக்’ சரி. ஆகவே ‘ஐ வாஸ் கிவன்’ வரும். ‘எக்ஸ்ப்ளெயின்ட் மி தி ரூல்ஸ்’ தவறு, ‘எக்ஸ்ப்ளெயின்ட் தி ரூல்ஸ் டு மி’ என்றுதான் சொல்ல வேண்டும்; ஆகவே ‘தி ரூல்ஸ் வேர் எக்ஸ்ப்ளெயின்ட் டு மி’. கிவ், சென்ட், ஆஃபர், டீச், டெல், ஷோ, பே ஆகியவை முதல் கட்சி. எக்ஸ்ப்ளெயின், சே, சஜஸ்ட், டிஸ்க்ரைப் ஆகியவை இரண்டாம் கட்சி. ‘ஐ வாஸ் செட்’ கிடையாது, ‘ஐ வாஸ் டோல்ட்’. ‘ஐ வாஸ் சஜஸ்டட் டு ரெஸ்ட்’ கிடையாது, ‘ஐ வாஸ் அட்வைஸ்ட் டு ரெஸ்ட்’.

தமிழில் ‘எனக்குப் பரிசு தரப்பட்டது’ என்று பரிசைத்தான் எழுவாயாக்க முடியும். அந்தப் பழக்கத்தில் எப்போதும் ‘எ ப்ரைஸ் வாஸ் கிவன் டு மி’ என்றே எழுதிவிடுகிறோம். இலக்கணப் பிழை இல்லை, ஆனால் ‘ஐ வாஸ் கிவன் எ ப்ரைஸ்’ என்பதே ஆங்கிலத்தில் இயல்பு.

கேள்வி: ‘ஓப்பன் தி டோர்’ என்பதைப் பேஸிவ்வாக்கினால் ‘லெட் தி டோர் பி ஓப்பன்ட்’ என்று சொல்லிக்கொடுக்கிறார்கள். இதை எங்கே பயன்படுத்துவது?
– ஒரு பெற்றோர்

பதில்: தேர்வுத் தாளில். வேறெங்கும் அப்படிக் கதவைத் திறக்கச் சொல்வதில்லை. மதிப்பெண்ணுக்காகப் பிள்ளை கற்றுக்கொள்ளட்டும். ஆனால் உபகரணக் கையேடோ செயல்முறைக் குறிப்போ எழுதும்போது கட்டளைக்கு ஆக்டிவ்தான் என்று சொல்லிவையுங்கள். ‘தி ஸ்விட்ச் ஷுட் பி டர்ன்ட் ஆஃப்’ என்றால், தான் இப்போது அணைக்க வேண்டுமா, அது ஏற்கெனவே அணைந்திருக்க வேண்டுமா என்று படிப்பவர் குழம்புவார். ‘டர்ன் ஆஃப் தி ஸ்விட்ச்’ என்றால் கை உடனே ஸ்விட்சுக்குப் போகும்.

கேள்வி: ‘காட் ப்ரமோட்டட்’ என்று எழுதலாமா?
– வங்கி ஊழியர்

பதில்: நண்பருக்கு எழுதலாம். விண்ணப்பத்திலும் அறிக்கையிலும் ‘வாஸ் ப்ரமோட்டட்’.

கேள்வி: எங்கள் அலுவலகக் கடிதங்களில் ‘தி வொர்க் இஸ் ப்ரபோஸ்ட் டு பி கம்மென்ஸ்ட்’, ‘இட் இஸ் ரிக்வெஸ்டட் தட் தி சேம் மே பி அப்ரூவ்ட்’ என்றெல்லாம் வழக்கமாக எழுதுகிறோம். மாற்ற வேண்டுமா?
– பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டவர்

பதில்: முதல் வாக்கியத்தில் பேஸிவ்வுக்கு மேல் பேஸிவ் உட்கார்ந்திருக்கிறது. முன்மொழிபவர் யார், தொடங்குபவர் யார், இரண்டு பேரும் இல்லை. ஒருவரையாவது வெளியே கொண்டுவாருங்கள்: ‘வி ப்ரபோஸ் டு ஸ்டார்ட் தி வொர்க் ஆன் மண்டே.’ இரண்டாவதற்கு ‘ப்ளீஸ் அப்ரூவ் தி எஸ்டிமேட்’ போதும். ‘ப்ளீஸ்’ இருக்கும்போது மரியாதை குறையாது. ‘தி சேம்’ என்று எழுதாமல் எதற்கு ஒப்புதல் கேட்கிறீர்களோ அதன் பெயரைச் சொல்லுங்கள். கோப்பு மேசை மாறிப் போகும்போது ‘தி சேம்’ எதைக் குறித்தது என்று தேட வேண்டியிருக்காது.

பொது அறிவிப்பை மட்டும் விட்டுவிடுங்கள். ‘விசிட்டர்ஸ் ஆர் ரிக்வெஸ்டட் டு சைன் தி ரெஜிஸ்டர்’ என்பதில் கேட்டுக்கொள்பவர் யார் என்பது யாருக்கும் வேண்டாம். அது அப்படியே இருக்கலாம்.

கேள்வி: வேலைக்கான சுயவிவரத்தில் ‘எ டீம் ஆஃப் சிக்ஸ் வாஸ் மேனேஜ்ட் பை மி’ என்று எழுதியிருக்கிறேன். ‘ஐ’ என்று எழுதினால் தற்பெருமையாகத் தெரியுமே?
– வேலை தேடுபவர்

பதில்: ‘ஐ’-யும் வேண்டாம், ‘பை மி’-யும் வேண்டாம். சுயவிவரத்தில் மட்டும் ஆங்கிலம் எழுவாயை விட்டுவிட அனுமதிக்கும், நம் தமிழைப் போலவே. வினையிலிருந்து நேராகத் தொடங்குங்கள்: ‘மேனேஜ்ட் எ டீம் ஆஃப் சிக்ஸ்.’ ‘ட்ரெயின்ட் நியூ ஸ்டாஃப்.’ இப்போது செய்யும் வேலை என்றால் ‘மேனேஜ்’, விட்டுவந்த வேலை என்றால் ‘மேனேஜ்ட்’. பிறர் உங்களுக்குச் செய்ததற்கு மட்டும் பேஸிவ்வை வைத்துக்கொள்ளுங்கள். ‘வாஸ்’ இல்லாமலே அங்கே அது நிற்கும்: ‘ப்ரமோட்டட் டு டீம் லீடர் இன் 2022’, ‘செலக்டட் ஃபார் அட்வான்ஸ்ட் ட்ரெயினிங்’. உயர்த்தியதும் தேர்ந்தெடுத்ததும் மற்றவர்கள் என்பது அந்த ஒரு சொல்லிலேயே தெரிந்துவிடும்.